பன்னிரண்டு சதுர மீட்டர் ஜப்பான்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் இரவில் தொல்லை கொடுப்பது மொழியும் அல்ல, சாப்பாடும் அல்ல, சூட்கேஸ். அறைக் கதவைத் திறந்தால் கட்டில். கட்டிலை ஒட்டி மேசை. நடுவில் ஒரு நாற்காலி, அதைப் பின்னால் இழுத்தால் கட்டிலில் இடிக்கும். பெரிய பெட்டியை விரித்துப் போடத் தரையில் இடமே கிடையாது. ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டால்தான் இன்னொருவர் பெட்டியைத் திறக்க முடியும். "இதுக்கா இவ்வளவு காசு?" என்ற கேள்வி அந்த நிமிடத்தில் வந்தே தீரும்.

கொஞ்ச நேரம் கழித்து வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். விரிப்பில் ஒரு கறை இல்லை. குழாயைத் திருகியதும் வெந்நீர் வருகிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்தாயிற்று, டாக்ஸிக்காரரிடம் பேரம் இல்லை. ரிசப்ஷனில் யாரும் டிப்ஸுக்காக நிற்கவில்லை. காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்த்தி.

இந்த ரக விடுதிகளை ஜப்பானில் பிசினஸ் ஹோட்டல் என்கிறார்கள். டோயோகோ இன், ஆபா, டோர்மி இன், சூப்பர் ஹோட்டல், ரூட் இன் என்று நாடு முழுக்கக் கிளை பரப்பிய சங்கிலி நிறுவனங்கள் இவை. நட்சத்திர ஹோட்டலுக்குக் கீழே, டார்மிட்டரிக்கு மேலே, நடுத்தர வர்க்கப் பயணியின் பட்ஜெட்டுக்குள் அடங்குபவை. உலகம் முழுக்க இப்படிப்பட்ட சங்கிலி ஹோட்டல்கள் இருக்கின்றன. ஆனால் எதையெல்லாம் கொடுக்கப் போவதில்லை என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு, கொடுக்கிற மிச்சத்தில் குறையே வைக்காத பிடிவாதத்தில் ஜப்பான்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

இதன் தொடக்கம் சுற்றுலாவில் இல்லை, ஆபீஸ் டூரில் இருக்கிறது. 1938-ல் டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையத்தருகே டாய்இச்சி ஹோட்டல் திறக்கப்பட்டது. 600-க்கும் மேற்பட்ட அறைகள். அத்தனையும் சின்னச் சின்ன அறைகள். 1940-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடக்கும் என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருந்தது. போர் வந்து ஒலிம்பிக் நடக்காமலே போனது, ஹோட்டல் நிலைத்தது. அதுவரை மேல்நாட்டு பாணி ஹோட்டல் என்றாலே பணக்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் என்றிருந்த ஊரில், கம்பெனி வேலையாக வருகிற சாதாரண உத்தியோகஸ்தருக்கும் தனிக் கட்டில், தனிக் கதவு என்று அது காட்டியது.

உண்மையான பெருக்கம் போருக்குப் பிறகுதான். 1964 அக்டோபரில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது. எழுபதுகளில் நாடெங்கும் கிளை அலுவலகங்கள், தொழிற்சாலைகள். சேல்ஸ்மேனும் இன்ஜினீயரும் கைப்பெட்டியோடு ஊர் ஊராக அலைந்தார்கள். அவர்களுக்கு நீச்சல் குளம் வேண்டாம், பூந்தோட்டம் வேண்டாம். நிலையத்துக்குப் பக்கத்தில் படுக்கை வேண்டும், காலையில் சட்டை கசங்காமல் கிளம்ப வேண்டும், கம்பெனி கொடுக்கும் படிக்குள் வாடகை அடங்க வேண்டும். இந்த ஆளுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டைதான் பிசினஸ் ஹோட்டல். இன்று அதைச் சுற்றுலாப் பயணி போட்டுக்கொண்டு தோள்பட்டை இறுக்குகிறது என்கிறார்.

படி விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது சில ஹோட்டல்களில் 'குவோ கார்டு சேர்த்து' என்று ஒரு கட்டணத் திட்டம் தெரியும். குவோ கார்டு என்பது மினி சூப்பர் மார்க்கெட்டுகளில் பணம் போலச் செல்லும் முன்பணம் கட்டிய அட்டை. அறை வாடகையோடு 1,000 யென் கார்டு ஒன்று சேரும். ரசீதில் மொத்தமும் அறை வாடகை என்றே வரும். ரசீது கம்பெனிக்கு, கார்டு ஊழியர் பைக்கு. டி.ஏ. பில் எழுதிப் பழகிய நம்மூர் உத்தியோகஸ்தர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அறை ஏன் இவ்வளவு சிறியது என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு விடை கிடைக்கிறது. 1948-ல் வந்த விடுதித் தொழில் சட்டத்தின்படி மேல்நாட்டு பாணி ஹோட்டல் அறைக்குக் குறைந்தபட்ச அளவு 9 சதுர மீட்டர், அதாவது 97 சதுர அடி. 2018-ல் சட்டத்தைத் திருத்தியபோது அதை 7 சதுர மீட்டராகக் குறைத்து, கட்டில் போட்ட அறைக்கு மட்டும் 9 என்று வைத்தார்கள். நிலையத்தருகே நிலம் தங்க விலை. 300 சதுர மீட்டர் தளத்தில் அறை ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் குறைத்தால் மாடிக்கு எத்தனை அறை கூடும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைத்தார்கள். ஆகவே 11, 12, 13 சதுர மீட்டர் என்பதே வழக்கமான ஒற்றை அறையின் அளவு.

அந்தப் பன்னிரண்டு மீட்டருக்குள் குளியலறை எப்படி அடங்கியது என்பது தனிக் கதை. 1964 ஒலிம்பிக்கை ஒட்டி டோக்கியோவில் நியூ ஒட்டானி ஹோட்டல் கட்டினார்கள். ஆயிரத்துச் சொச்சம் அறைகள், பதினேழே மாதக் கெடு. ஒவ்வொரு குளியலறையிலும் கொத்தனார் உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டிக் காயவைத்தால் ஒலிம்பிக் முடிந்தபிறகுதான் ஹோட்டலைத் திறக்க முடியும். இன்று டோடோ என்று அறியப்படும் நிறுவனம் ஒரு வழி சொன்னது. ஃபைபர் கலந்த பிளாஸ்டிக்கில் தொட்டி, தரை, சுவர் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே வார்த்து எடுத்துவந்து, அறைக்குள் கோத்துவிடுவது. அதுதான் 'யூனிட் பாத்'. வேலை குறித்த நாளில் முடிந்தது. அதன்பின் ஜப்பானில் வாடகை வீடு, அடுக்குமாடி, ஹோட்டல் எங்கும் அதே.

இன்றும் ஒரு டோக்கியோ ஹோட்டல் குளியலறைக்குள் நுழைந்தால் வாசலில் ஒரு படி ஏற வேண்டியிருக்கும். தரைக்கு அடியில் குழாய்கள் போகின்றன. ஒரே குழாய்தான், அதை இடப்பக்கம் திருப்பினால் வாஷ்பேசினில் விழும், வலப்பக்கம் திருப்பினால் குளியல் தொட்டியில் விழும். தொட்டி நீளம் குறைவு, ஆழம் அதிகம். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் கழுத்துவரை வெந்நீர். சுவரிலோ தரையிலோ டைல்ஸ் இடுக்கு கிடையாது, அழுக்கு சேர மூலை கிடையாது, ஒரு பணியாளர் சில நிமிடங்களில் துடைத்து முடித்துவிடுவார். ஜப்பானின் மலிவு ஹோட்டல் சுத்தமாக இருப்பதற்கு அந்த மக்களின் ஒழுக்கம் ஒரு காரணம் என்றால், மூலையே இல்லாத இந்தப் பிளாஸ்டிக் பெட்டி இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை.

எல்லாச் சங்கிலியும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிறுக்கு இருக்கிறது.

டோயோகோ இன் 1986-ல் டோக்கியோவின் கமாடா பகுதியில் தொடங்கியது. இன்று 300-க்கும் அதிகமான கிளைகள். ஜப்பானின் எந்த நடுத்தர ஊரில் இறங்கினாலும் நிலையத்திலிருந்து பார்க்கும் தூரத்தில் அதன் நீலப் பெயர்ப் பலகை தெரியும். கிளை மேலாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். பெரிய பதவிகளில் பெண்கள் அரிதாக இருந்த ஒரு நாட்டில் இது சாதாரண விஷயமல்ல. கட்டடங்களை அந்த நிறுவனம் பெரும்பாலும் சொந்தமாக வாங்குவதில்லை. நிலத்துக்காரர் ஹோட்டலின் அளவுப்படி கட்டிக் கொடுக்க, நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. அதனால்தான் ஹொக்கைடோவில் பார்த்த அறையும் ஓகினாவாவில் பார்க்கும் அறையும் சுவிட்ச் இருக்கும் இடம்வரை ஒன்றுபோலவே இருக்கின்றன. பத்து இரவு தங்கிய உறுப்பினருக்கு ஓர் இரவு இலவசம் என்ற திட்டத்தைப் பிடித்துக்கொண்டு வேறு ஹோட்டல் பக்கமே போகாத சேல்ஸ்மேன்கள் ஜப்பானில் ஏராளம்.

அதே நிறுவனம்தான் 2006-ல் தலைகுனிந்தும் நின்றது. மாற்றுத் திறனாளிகளுக்கென்று சட்டப்படி கட்டிக் காட்டிய அறையையும் கார் நிறுத்துமிடத்தையும், அதிகாரிகள் பார்வையிட்டுப் போனபிறகு வேறு காரியத்துக்கு மாற்றியது யோகோஹாமாவில் அம்பலமானது. வேக வரம்பைக் கொஞ்சம் தாண்டி வண்டி ஓட்டுவது போலத்தான் இது என்கிற தொனியில் நிறுவனத் தலைவர் முதலில் பேச, நாடே கொதித்தது. பிறகு கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். இடத்தை மிச்சம் பிடிக்கும் வெறி எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

மிச்சம் பிடிப்பதில் சூப்பர் ஹோட்டல் இன்னும் ஒரு படி மேலே. 1996-ல் ஃபுகுவோகாவின் ஹகாடாவில் தொடங்கிய இந்தச் சங்கிலி, அறைச் சாவியையே ஒழித்துவிட்டது. பணம் கட்டியதும் வரும் ரசீதில் ஓர் எண் இருக்கும். கதவில் அதை அழுத்தினால் திறக்கும். அறையில் தொலைபேசி கிடையாது. வாடகையை முதலிலேயே கட்டிவிட்டதாலும், ஒப்படைக்கச் சாவி இல்லாததாலும், காலையில் வரிசையில் நிற்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். கட்டிலுக்குக் கால் இல்லை. அடியில் குனிந்து பெருக்கும் வேலை மிச்சம், அடியில் எதையாவது மறந்து விட்டுவிட்டுப் போகிற தலைவலியும் மிச்சம். இப்படி மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைத் தூக்கத்தில் செலவிடுகிறார்கள்: லாபியில் பல ரகத் தலையணைகளை அடுக்கிவைத்து, பிடித்ததை எடுத்துப்போகச் சொல்கிறார்கள்.

டோர்மி இன்னை நடத்தும் கியோரிட்சு நிறுவனம் மாணவர் விடுதிகளும் கம்பெனி ஊழியர் விடுதிகளும் நடத்தி வளர்ந்தது. விடுதிப் பையன்களுக்கு இரவு பத்து மணிக்குப் பசிக்கும் என்று அதற்குத் தெரியும். இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை எல்லா விருந்தினருக்கும் சோயா குழம்பில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் இலவசம். மேல்மாடியிலோ அடித்தளத்திலோ ஒரு பொதுக் குளியல் அறை, குளித்து வெளியே வந்தால் எடுத்துச் சாப்பிட ஐஸ். சட்டை, டை எல்லாம் கழற்றி, ஹோட்டல் கொடுத்த பைஜாமாவோடு, ஈரத் தலையோடு, முன்பின் தெரியாத நாற்பது பேர் சத்தமில்லாமல் நூடுல்ஸ் உறிஞ்சும் அந்தக் கூடத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு இரவு டோர்மி இன்னில் தங்கலாம். (சைவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

ஆபா வேறு ஜாதி. உரிமையாளர் தம்பதியில் தொப்பிகளுக்குப் பேர்போன மனைவிதான் நிறுவனத்தின் முகம். அவர் படம் போட்ட தண்ணீர் பாட்டிலும் கறி பாக்கெட்டும் லாபியில் விற்கும். 2019-ல் யோகோஹாமாவில் இவர்கள் திறந்த ஒரே கட்டடத்தில் 2,311 அறைகள். குளியல் தொட்டியை முட்டை வடிவத்தில் செய்து தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார்கள். அறைக்குள் கணவர் எழுதிய புத்தகங்களை வைத்திருப்பதுதான் வம்பு. 1937 நான்ஜிங் படுகொலையை மறுக்கும் அவருடைய புத்தகம் அறையில் இருப்பதை 2017 ஜனவரியில் ஒரு வீடியோ வெளிக்கொண்டுவர, சீனாவில் பெரும் புறக்கணிப்பு கிளம்பியது. அடுத்த மாதம் சப்போரோவில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி வரைக்கும் அந்தச் சச்சரவு போனது. மலிவாகக் கிடைக்கிறது என்று முன்பதிவு செய்யும்போது யாரோ ஒருவருடைய அரசியலுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோமா என்ற கேள்வி அங்கே நியாயமாகவே எழும்.

புத்தகம் என்றதும் இன்னொன்று. ஜப்பான் ஹோட்டல் அறைகளின் மேசை இழுப்பறையில் பைபிளோடு 'புத்தரின் போதனை' என்ற நூலும் பெரும்பாலும் இருக்கும். அதை விநியோகிக்கும் அமைப்பை 1965-ல் நிறுவியவர் யெஹான் நுமாடா. அவர்தான் மிட்டுடோயோ நிறுவனத்தையும் தொடங்கியவர். அம்பத்தூரிலோ கோவையிலோ லேத் பட்டறையில் நின்றவர்கள், பாலிடெக்னிக்கில் வெர்னியர் காலிப்பரைக் கையில் பிடித்தவர்கள் அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். அளவுக் கருவி விற்ற லாபம் உலகெங்கும் ஹோட்டல் இழுப்பறைகளில் புத்தராக உட்கார்ந்திருக்கிறது.

அறையில் இருக்கும் பொருட்களைப் பற்றிச் சில குறிப்புகள். கதவருகே சுவரில் ஓர் இடுக்கு. அட்டையைச் செருகினால்தான் விளக்கெரியும். நிலநடுக்க நாடு என்பதால் எங்காவது ஒரு டார்ச் மாட்டியிருக்கும், கையில் எடுத்தாலே எரியும். கழிவறை நமக்குப் பெரிய நிம்மதி: 1980-ல் டோடோ கொண்டுவந்த, தண்ணீர் பீய்ச்சும் இருக்கை இன்று மலிவு ஹோட்டலிலும் உண்டு. ஐரோப்பாவில் காகிதத்தோடு மல்லுக்கட்டிய தமிழர்கள் இங்கே வந்து உயிர்த்தெழுகிறார்கள். சீப்பு, ரேசர், பல்துலக்கி அறையில் காணோமே என்று தேட வேண்டாம். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பிறகு பல ஹோட்டல்கள் அவற்றை லாபியில் ஓர் அலமாரிக்கு மாற்றிவிட்டன. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். செல்போன் சார்ஜர் ஓடும். ஊரிலிருந்து தூக்கிப்போன குட்டி ரைஸ் குக்கர் மணிக்கணக்கில் முனகும், சோறு வேகாது.

சோறு என்றதும் சைவத் தமிழரின் கவலைக்கு வருவோம். இலவசக் காலை உணவில் சோற்று உருண்டை, முட்டை, சாலட், ரொட்டி எல்லாம் இருக்கும். பக்கத்தில் ஆவி பறக்கும் மிசோ சூப் சைவம் போலத்தான் தெரியும், அடியில் மீன் வற்றலை ஊறவைத்த சாறு. சோற்று உருண்டைக்குள்ளும் மீன் ஒளிந்திருக்கலாம். கேட்டால் மிகுந்த மரியாதையோடு தலைகுனிந்து வருத்தம் தெரிவிப்பார்கள், மாற்று இருக்காது.

இதற்கு விவரமான பயணிகள் கண்டுபிடித்த வழி அருமையானது. ஹோட்டலிலிருந்து இரண்டு நிமிட நடையில் செவன் இலெவனோ லாசனோ ஃபேமிலி மார்ட்டோ கட்டாயம் இருக்கும். வெந்த சோறு மூடியிட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தில் விற்கும். ஹோட்டலில் பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பொது மைக்ரோவேவ் இருக்கும். மூடியின் ஓரத்தைக் கோடு வரை பிரித்து, இரண்டு நிமிடம் சூடாக்கினால் பளபளவென்று குழைந்த ஜப்பான் அரிசிச் சோறு. அதில் இனிப்பில்லாத கெட்டித் தயிர், கொஞ்சம் உப்பு. உப்பில் ஊறிய உமேபோஷி என்ற ஒரு பழம் அதே கடையில் கிடைக்கும். புளிப்பும் உவர்ப்புமாகத் தயிர்சாதத்துக்கு அது ஜோடி சேருகிற அழகில் மாவடுவே கொஞ்சம் பொறாமைப்படும். வாங்கும்போது அதிலும் மீன் தூள் சேர்க்காததா என்று செல்போன் மொழிபெயர்ப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டோக்கியோவில் இருந்தால் இந்தியர்கள் நிறைந்த நிஷி கசாய் வரைக்கும் மெட்ரோ ஏறி இட்லி, தோசை சாப்பிட்டும் வரலாம்.

பொதுக் குளியல் விஷயத்தில் நம்மவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள், ஏனென்றால் உள்ளே நீச்சலுடைகூடக் கிடையாது. இன்னொரு சாரார் ஒருமுறை போய்விட்டு, பிறகு மூன்று வேளையும் போவார்கள். ஆண், பெண் தனித்தனி. பெண்கள் பகுதிக் கதவுக்கு ரகசிய எண் வைத்திருப்பது பல ஹோட்டல்களில் வழக்கம். சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டுக் குளித்து முடித்தபிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது. பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். இயற்கை வெந்நீர் ஊற்று என்றால் தலைக்கு 150 யென் குளியல் வரி தனியாக வரும். கோயில் கோயிலாக, மெட்ரோ மெட்ரோவாக நாளெல்லாம் படியேறிய கால்களுக்கு அந்த வெந்நீர் செய்யும் உபகாரத்துக்கு அந்த 150 யென் ஒன்றுமே இல்லை.

விலைக்கு வருவோம், அங்கேதான் கதை மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் 6,000, 7,000 யென்னுக்கு டோக்கியோவில் தாராளமாகக் கிடைத்த அறைகள் இவை. 2024-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். அதுவரை இல்லாத எண்ணிக்கை. யென்னின் மதிப்பு சரிந்ததால் வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாமே மலிவாகத் தெரிந்தது. விளைவு, டோக்கியோவிலும் கியோட்டோவிலும் ஒசாகாவிலும் அதே 12 சதுர மீட்டர் அறை சில நாட்களில் 15,000 யென்னைத் தாண்டுகிறது. யாருக்காகக் கட்டினார்களோ அந்த சேல்ஸ்மேனுக்கே இப்போது இடமில்லை. அரசு ஊழியர்களுக்கு இவ்வளவுதான் விடுதிப் படி என்று நிலையாக நிர்ணயித்திருந்த பழைய முறையை, 2025 ஏப்ரலிலிருந்து உச்சவரம்போடு உண்மைச் செலவைத் தருவதாக ஜப்பான் அரசே மாற்ற வேண்டியிருந்தது.

ஆனாலும் வாடகை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. சனிக்கிழமை இரவுதான் உச்சம். ஞாயிறு இரவு உள்ளூர்ச் சுற்றுலாக் கூட்டம் வீடு திரும்பிவிடும், ஆபீஸ்காரர்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். அன்று விலை இறங்கும். பிப்ரவரியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுத வரும் பிள்ளைகள் அறைகளை நிரப்பிவிடுவார்கள். பெரிய பாப் குழுவின் கச்சேரி இருந்தால் அந்த ஊரில் அன்று அறையே கிடைக்காது. செர்ரிப் பூ பூக்கும் மார்ச் கடைசியையும் ஏப்ரல் முதல் வாரத்தையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் நாட்டில் இதே எண்ணத்தோடு டாடா குழுமம் 2004-ல் பெங்களூரு வொயிட்ஃபீல்டில் 'இண்டிஒன்' என்று ஒரு ஹோட்டலைத் திறந்தது. பிறகு அது 'ஜிஞ்சர்' ஆனது. நிர்வாகவியல் அறிஞர் சி.கே. பிரகலாத்தின் யோசனைகள் அதன் பின்னணியில் இருந்தன. அறைக்குக் காபி கொண்டுவர ஆள் இல்லை, வேண்டியதை நீயே போய் எடுத்துக்கொள் என்ற ஏற்பாட்டை ஒரு மணி அடித்தால் பையன் ஓடிவரும் லாட்ஜ்களில் வளர்ந்த நம்மவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. இங்கே ஆள் கூலி மலிவு, நிலையத்தருகே லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானில் ஆளே கிடைப்பதில்லை. அதனால் அங்கே இயந்திரத்தில் பணம் கட்டி, தானே சாவி எடுத்து, தானே துணி துவைத்துக்கொள்வதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை.

இனி, போகப்போகிறவர்களுக்கு.

ஜப்பானில் வாடகை பெரும்பாலும் அறைக்கு அல்ல, தலைக்கு. ஒருவருக்கு என்று பதிவு செய்துவிட்டு இரண்டாமவரைப் பின்வாசலில் கூட்டிவரும் திருச்செந்தூர் டெக்னிக் அங்கே செல்லாது. தங்குபவர் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுவது சட்டம். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். தீப்பிடித்தால், நிலம் அதிர்ந்தால் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடுவார்கள். சின்னக் குழந்தைகள் பெற்றோருடன் ஒரே கட்டிலில் தூங்கினால் கட்டணம் இல்லை என்பது பல சங்கிலிகளில் வழக்கம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 'செமி டபுள்' என்று மலிவாகக் காட்டும் அறையில் கட்டிலின் அகலம் சுமார் 120 சென்டிமீட்டர். புதுமணத் தம்பதிகள் தவிர மற்றவர்கள் 'ட்வின்' எடுப்பதே உத்தமம். பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபிறகும் ஹோட்டல் அறைகளுக்கு விலக்கு உண்டு, ஆகவே புகையில்லா அறை என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் திரைச்சீலையோடு சேர்ந்து பட்டுப்புடவையும் நாறும்.

சூட்கேஸ் பிரச்சினைக்கும் ஜப்பான்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். யமாடோ நிறுவனம் 1976-ல் தொடங்கிய வீட்டு பார்சல் சேவை, கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டிகளோடு இன்று நாடெங்கும் ஓடுகிறது. டோக்கியோ ஹோட்டல் ரிசப்ஷனில் பெட்டியை ஒப்படைத்து, கியோட்டோ ஹோட்டல் முகவரியை எழுதிக் கொடுத்தால் மறுநாள் அங்கே காத்திருக்கும். ஒரு இரவுக்கான துணியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு புல்லட் ரயிலில் கைவீசிப் போகலாம். காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாலும் மூன்று மணிக்கு முன் அறை தர மாட்டார்கள்; பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்குக் காசு கிடையாது.

தனியாகப் போகிறவர், நண்பர்கள் இருவர், வயதான பெற்றோர் இல்லாத தம்பதி என்றால் ஜப்பானில் இதைவிட நல்ல பேரம் கிடையாது. தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேராகப் போகிறவர்கள் மூன்று அறை எடுத்து மூன்று மாடிகளில் பிரிந்து கிடக்க வேண்டியிருக்கும். அவர்கள் சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டலைப் பார்ப்பதே மேல், கணக்குப் போட்டால் செலவும் பெரிதாக மாறாது. எதுவாக இருந்தாலும் விமான டிக்கெட் எடுத்த அன்றே அறையையும் பதிவு செய்துவிடுங்கள். பெரும்பாலான சங்கிலிகளில் தங்கும் நாளுக்கு முந்தைய நாள்வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியோடு அறை கிடைக்கிறது. ரத்து செய்வதாக இருந்தால் மறக்காமல் ரத்து செய்யுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வராமல்போகிறவர்களால்தான் பல ஹோட்டல்கள் இப்போது முன்பணம் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.